சொல்லிக்கொண்டு போனவள்

வெர்லீன் டேட்டம் மீன் ஆலையை விட்டு நின்ற அன்று மூன்றடுக்குக் கேரமல் கேக் செய்து எடுத்துப் போனாள். அமெரிக்கத் தெற்கில், டெல்டாவின் கெளுத்தி மீன் ஆலைகளில் அதுதான் முறை. வேலையை விடுகிற பெண் இரண்டு வாரம் முன்னதாகவே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் தன் கையால் செய்த எதையாவது கொண்டுவந்து, கத்தியோடு மீன் வெட்டும் லைனில் நிற்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசரின் கையைக் குலுக்கிவிட்டு முன்கதவு வழியாக வெளியே போக வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவளைப் பற்றிப் பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள்.

இந்த முறையை யாரும் எழுதிவைக்கவில்லை. முதலாளிமாருக்கு அதில் அக்கறையும் இல்லை. ஆளைக் குறைக்கும்போது அவர்கள் யாருக்கும் கேக் கொண்டுவந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இது அந்தப் பெண்களின் முறை. அவர்களைப் பெற்றவர்கள் பருத்திக் காடுகளில் பங்குக்குப் பாடுபட்டவர்கள். அறுவடை முடிந்து பண்ணைக்காரர் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் பாக்கி என்றுதான் வரும். பாக்கி உள்ளவன் பண்ணையை விட்டுப் போகக்கூடாது. போக நினைத்தால் இருட்டில்தான் போக முடியும். வெர்லீனின் அப்பா அப்படித்தான் பிள்ளைகள் எல்லோரையும் கோவேறு கழுதை வண்டியில் ஏற்றி, அழுத கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். பண்ணைக்காரரைக்கூட அவர் மன்னித்திருப்பார். தன்னைத் திருடனைப் போல ஓடவைத்ததை மட்டும் சாகிறவரை மன்னிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் வைத்துவிட்டுப் போன சொத்து ஒரு சொல்தான்: எந்த வேலையை விட்டாலும் பட்டப்பகலில், சொல்லிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போ.

வெர்லீன் அப்படித்தான் போனாள். அந்த மரியாதைதான் பிறகு அவள் கழுத்தை அறுத்தது.

அவள் வேலையை விட்டது புருஷனுக்காக. ஹோசியா டிராக்டர் ஓட்டியவன், ஆறடிக்கு மேல் ஆள். சர்ச்சில் அவன் பாடினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். சர்க்கரை முதலில் அவன் பார்வையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது, பிறகு இடது காலில் இரண்டு விரல்களை, கடைசியில் இரண்டு சிறுநீரகங்களையும். "சர்க்கரைக்கு என் மேல உன்னைவிட ஆசை ஜாஸ்தி. நீ இத்தனை வருஷத்துல ஒரு விரலைக்கூடக் கேட்டதில்ல" என்று அவளிடம் சொல்வான். சொல்லிவிட்டு அவள் சிரிக்கிறாளா என்று பார்ப்பான். அவள் சிரிக்காவிட்டால் அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்காது.

செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். முதலில் நோயாளிகளை ஏற்றிப்போகும் வேனில்தான் போய்வந்தான். டிசம்பரில் ஒரு நாள் வேன் அவனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கதவுவரை போவதற்குள் அவனுக்கு மயக்கம் வந்து விழுந்துவிட்டான். வெர்லீன் வேலை முடிந்து வந்தபோது ஈரத் தரையில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனாலும் உயிர் இருந்தது. அவளைப் பார்த்ததும், "இங்கேருந்து பார்த்தா நம்ம கூரையில ஓட்டை தெரியுது புள்ள" என்றான். அவனை உள்ளே இழுத்துப்போட்டு, போர்த்தி, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வெர்லீன் முடிவு செய்தாள். இனி மெஷினிலிருந்து அவன் எழுந்திருக்கிற நேரத்தில் அவள் பக்கத்தில் இருப்பாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

செவ்வாயும் வியாழனும் மட்டும் விடுங்கள், மற்ற நாள் வருகிறேன் என்று ஆலையில் கேட்டாள். அரை வாரத்துக்கு ஆள் வைக்கிற வழக்கம் இல்லை என்றார்கள். சட்டப்படி கிடைக்கிற சம்பளமில்லாத விடுப்பை, ஹோசியா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே தீர்த்துவிட்டிருந்தாள். மகள் வடக்கே தொலைவில் மில்வாக்கியில் இருந்தாள், அவளுக்கு அவள் பாடு. ஆகவே ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை வெர்லீன் சூப்பர்வைசர் ப்ரூயிட்டின் அறைக்குப் போய், இரண்டு வாரத்தில் நின்றுகொள்கிறேன் என்றாள்.

ப்ரூயிட் நல்ல மனிதர். வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பொறு வெர்லீன். ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துப் பாரேன்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னு கேக்காதே. பொறுன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

"அவரோட சிறுநீரகத்துக்கு ஈஸ்டர் எப்பன்னு தெரியாதுங்க மிஸ்டர் ப்ரூயிட்."

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனுக்குத் தீனி விலை ஏறியதும், கடல் தாண்டி வருகிற மலிவு மீனோடு போட்டிபோட முடியாததும், இரண்டாவது லைனை மூடப்போகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அவர் வேலை போகும். அவர் சொல்லாமல் சொன்னதை வெர்லீன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். நல்ல கைக்காரியை இழக்க மனசில்லாமல் இழுத்தடிக்கிறார் என்று நினைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. சொன்ன நாளில் கேக்கோடு போனாள். ப்ரூயிட் இரண்டு துண்டு சாப்பிட்டார், கையைக் குலுக்கினார், முன்கதவைத் தானே திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் வேலையிழப்பு உதவிப் பணம் கேட்டு மாநில அலுவலகத்துக்குப் போனாள். அந்த வருஷம் நாடு முழுக்க வேலை போய்க்கொண்டிருந்ததால் வரிசை தெருவரை நின்றது. முன்னால் நின்றவன், எப்படிக் கேட்டாலும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லுங்கள் அக்கா என்று காதோடு சொன்னான். வெர்லீனுக்கு அது அசிங்கமாகப் பட்டது. பதினெட்டு வருஷம் ஒரே இடத்தில் நின்றவளை யார் நிறுத்துவார்கள்?

கவுண்டரில் இருந்த சின்னப் பெண், நீங்களாக நின்றீர்களா, நிறுத்தினார்களா என்று கேட்டாள்.

"நானாத்தான் நின்னேன்மா. ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லி, எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு, மரியாதையா வந்தேன்."

அந்தப் பெண்ணின் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. நிமிர்ந்து வெர்லீனின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். கேள்வியை வேறு விதமாகக்கூடக் கேட்டுப்பார்த்தாள். வெர்லீன் அதே பதிலை இன்னும் தெளிவாகச் சொன்னாள். தானாக நின்றவர்களுக்குப் பணம் கிடையாது. புருஷனுக்கு நோய் என்பது அவரவர் சொந்த விஷயம். அது போதாதென்று, வாரத்தில் எல்லா நாளும் முழு வேலைக்குத் தயார் என்று சொல்ல முடியாதவர்களுக்கும் கிடையாது. வெர்லீன் இரண்டிலும் விழுந்தாள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வாஷிங்டன்லேருந்து மாநிலத்துக்குப் பெரிய பணம் வருதும்மா. சும்மா வராது. வீட்டு நோயாளியைப் பார்த்துக்க வேலையை விட்டவங்களுக்கும், பாதி நாள் வேலை தேடுறவங்களுக்கும் குடுக்கணும்னு நம்ம சட்டத்தை மாத்தினாத்தான் வரும். உங்களை வச்சே எழுதின மாதிரி இருக்கு. கவர்னர் சரின்னுட்டா, வரிசையில நிக்காம நேரா என்கிட்ட வந்துடுங்க."

வெர்லீன் வீட்டுக்கு வந்து அதை ஹோசியாவிடம் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது. வாஷிங்டனில் முகம் தெரியாத யாரோ, புருஷனைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஒருத்தியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் பாதி வயிறு நிரம்பின மாதிரி இருந்தது. ஹோசியா தாடையைச் சொறிந்துகொண்டு, யோசித்தது சரி, ஆனால் அது ஜாக்சன் வழியாகத்தானே வந்தாக வேண்டும் என்றான். ஜாக்சன் மாநிலத் தலைநகர், மாநிலத்தை ஆளுகிற கவர்னர் இருப்பது அங்கேதான். அங்கே போன நல்லது எதுவும் முழுசாகத் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

அந்த பிப்ரவரியும் மார்ச்சும்தான் அவர்கள் சேர்ந்து இருந்த நல்ல நாட்கள். கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் மெஷினிலிருந்து அவன் எழுந்ததும் ஊசி எடுத்த இடத்தை அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தது அது: இவருக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது, அவசரப்படாதீர்கள். காருக்குப் போன பிறகும் அவள் வண்டியைக் கிளப்பமாட்டாள். அவன் முகத்தில் ரத்தக்களை திரும்பும்வரை இருவரும் ரேடியோவில் கோஸ்பல் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் கை அவள் மடியில் கிடக்கும். வீட்டுக்குப் போனதும் கீரையும் தக்காளியும் கேட்டு அடம்பிடிப்பான், டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றிருக்கிறார். ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி என்று கெஞ்சுவான். அவள் சோள ரொட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடுவாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. அவனுக்குக் காடு, அவளுக்கு மீன் என்றே வருஷங்கள் போயின.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் கவர்னரின் இதயத்தைக் கர்த்தர் இளக்கவேண்டும் என்று ஜெபித்தார். பாதிப் பேர் ஆமென் சொன்னார்கள். சர்ச் ஊழியம் பார்க்கும் டீக்கன் அலோன்சோ சொல்லவில்லை. அவர் டயர்க் கடை வைத்திருந்தார், இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். வெளியே வந்ததும் அவரே வெர்லீனிடம் வந்து, ஹோசியா என் சிநேகிதன், உன்னிடம் ஒளிக்க விரும்பவில்லை என்று ஆரம்பித்தார். வாஷிங்டன் பணம் இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துபோகும், சட்டம் மட்டும் நின்றுவிடும், அப்புறம் அந்தச் செலவு என்னைப் போன்ற கடைக்காரன் தலையில்தான் விடியும், நான் ஒருவனை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மனசறிந்துதான் சொன்னார். வெர்லீன் கேட்டுக்கொண்டாள். சனிக்கிழமைகளில் நான் வேண்டுமானால் அவனைக் கூட்டிப்போகிறேன் என்றும் அவர்தான் சொன்னார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்பார்கள். கவர்னர் பல்லைப் பார்த்தார், மாடு நாளைக்கு என்ன தின்னும் என்றும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தெற்கே இன்னும் சில மாநிலங்களும் அதையேதான் சொல்லின. அந்தக் கணக்கைத் தப்பென்று தள்ளிவிட முடியாது. அந்தக் கணக்கில் ஹோசியா இல்லை, அவ்வளவுதான்.

செய்தி வந்தது டயாலிசிஸ் கூடத்து டி.வி.யில். நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கையில் ஊசி இருக்கும்போது எழுந்து போய் டி.வி.யை அணைக்கவும் முடியாது. வெர்லீன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ஹோசியா மேலே பார்த்தபடியே பேசினான்.

"வாஷிங்டன் நம்ம வாசல் வரைக்கும் சோறு கொண்டாந்துச்சு. வாசல்ல நின்னவரு, இவங்களுக்குப் பசிக்கலன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாரு."

பக்கத்து நாற்காலிக் கிழவர் சிரித்தார், நர்ஸும் சிரித்தாள். வெர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று காரில் அவர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ போடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஆலையில் இரண்டாவது லைனை மூடினார்கள். வெர்லீன் நின்ற லைன் அதுதான். ஒரே நாளில் அத்தனை பெண்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கள் குற்றமில்லாமல் வேலை இழந்தவர்கள் என்று எல்லோருக்கும் உதவிப் பணம் கிடைத்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்று மீனின் தோலை உரித்த எர்னஸ்டீன், இரண்டு தெரு தள்ளி இருப்பவள், வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை தனக்காக இல்லை.

"அந்தக் கேக்கை நீயே தின்னுட்டு இன்னும் ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிட்டு நின்னிருக்கக் கூடாதா வெர்லீன்? ப்ரூயிட் சொன்னாராமே."

"சொன்னாரு. எனக்குப் புரியல."

எர்னஸ்டீன் போன பிறகு வெர்லீன் கொல்லைப் பக்கம் போய் நின்றாள். செத்துப்போன அப்பாவின் மேல் அன்றைக்குத்தான் வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. முன்வாசல் வழியாகப் போ என்று சொன்னீர்களே, அந்த வாசலுக்கு வெளியே ஒன்றும் இல்லையே அப்பா என்று நினைத்தாள். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள். ஆனாலும் கோபம் போகவில்லை.

ஹோசியாவின் ஊனமுற்றோர் பணம் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாய்ப் போயிற்று. காருக்குத் தவணை நின்றால் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை எங்காவது கிடைக்குமா என்று ஊரெல்லாம் கேட்டுப்பார்த்தாள். முழு வேலைக்கே ஆட்கள் வரிசையில் நின்ற வருஷம் அது. கடைசியில் மே மாதம், பக்கத்து மாவட்டத்து மீன் ஆலையில் ஒரு இடம் காலியாயிற்று. திங்கள் முதல் வெள்ளி, முழு நாள். நல்ல கத்திக்காரி என்று அவளுக்குப் பெயர் இருந்ததால் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

அவள் மாட்டேன் என்றுதான் ஹோசியாவிடம் சொன்னாள். அவன்தான் பிடிவாதமாக நின்றான்.

"போ புள்ள. நான் என்ன கைக்குழந்தையா? என் கையை நானே அழுத்திக்க மாட்டேனா? பாரு."

இடது கையை நீட்டி, வலது கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்திக் காட்டினான். அவனுக்குப் பார்வை மங்கல். விரல் சரியான இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி இருந்தது. வெர்லீன் அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். இன்னொரு முறை செய் என்றாள். அவன் செய்தான். சரியாக வந்ததும் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நிமிர்ந்து பார்த்தான்.

சனிக்கிழமை டீக்கன் அலோன்சோ கூட்டிப்போவது, செவ்வாயும் வியாழனும் வேன், மத்தியானம் எர்னஸ்டீன் எட்டிப்பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. எர்னஸ்டீனுக்குக் கார் ஓட்டத் தெரியாது, இல்லாவிட்டால் அவளே கூட்டிப்போயிருப்பாள். மே, ஜூன், ஜூலை ஒழுங்காகத்தான் போயிற்று. வெர்லீன் குளிர்ந்த நீரில் கை மரத்து நிற்கும்போது நேரம் பார்த்துக்கொள்வாள்: இப்போது ஊசி எடுத்திருப்பார்கள், இப்போது வேனில் ஏறியிருப்பான், இப்போது வீட்டுக்கு வந்திருப்பான். அந்த நேரம் தாண்டினால்தான் அவளுக்கு மூச்சு சீராகும்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை வேன் ஹோசியாவை வாசலில் இறக்கிவிட்டது. உள்ளே இன்னும் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள், வெயில் மண்டையைப் பிளந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ போப்பா என்று டிரைவரை அனுப்பிவைத்தது ஹோசியாதான். கதவைத் திறந்துகொண்டு சமையலறைவரை நடந்து போயிருக்கிறான். தண்ணீர் எடுக்கக் கையை உயர்த்தினானோ என்னவோ, ஊசிக் காயம் திறந்துகொண்டது.

எர்னஸ்டீன் அவித்த பட்டாணியும் ரொட்டியும் கொண்டு வந்தபோது அவன் மேஜைக்கு அருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தரையெல்லாம் ரத்தம். ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு அவள் ஆலைக்குப் போன் செய்தாள். வேலை செய்யும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, எல்லோருடையதும் லாக்கரில். ஆபீசில் எடுத்தவர் புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டார். எர்னஸ்டீன் அழுததில் மற்றது அவருக்கு விளங்கவில்லை. இடைவேளையில் சொல்கிறேன் என்றார். அவர் கெட்டவரில்லை. லைன் ஓடிக்கொண்டிருந்தது.

வெர்லீன் ரப்பர் பூட்ஸோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்திருந்தாள்; எங்கேயாவது ஒளித்துவைத்துத் தக்காளி தின்றிருப்பான், இன்றைக்கு இருக்கிறது அவனுக்கு என்று. எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் கூடவே இருந்த மனுஷன், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். அவள் மேலெல்லாம் மீன் வாடை. அந்தக் கையோடு அவனைத் தொடலாமா என்று தயங்கி நின்றாள், பிறகு தொட்டாள்.

எர்னஸ்டீன் அப்போது சொல்லாததைப் பிறகு ஒரு நாள் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவளாலும் தாங்க முடியவில்லை. "அவன் கட்டைவிரல் சரியான இடத்துலதான் இருந்துச்சு வெர்லீன். அங்குலம்கூடத் தள்ளல. அழுத்தத்தான் தெம்பு இல்லாமப் போயிடுச்சு."

அடக்கத்துக்கு ஊரே வந்தது. அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். பொரித்த மீன், கோழி, அவனுக்குக் கடைசிவரை கிடைக்காத கீரை ஒரு பெரிய அண்டா நிறைய. வெர்லீன் அந்த அண்டாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கன் அலோன்சோ அவள் முன்னால் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார்.

"அன்னிக்கு நான் பேசினதை மனசுல வச்சுக்காதே சிஸ்டர்."

"நீங்க சொல்லியா அவங்க மாட்டேன்னாங்க? உக்காருங்க. சாப்பிடுங்க."

அவரைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவளுக்கே வந்து சேர்ந்தது. செத்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். பறிகொடுத்தவளே மற்றவர்களுக்குத் தட்டு எடுத்துக்கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரமே அவள் வேலைக்குத் திரும்பினாள். இனி எதற்காக என்று மகள் போனில் கேட்டாள், மில்வாக்கிக்கு வந்துவிடு என்றாள். வெர்லீன் அப்புறம் பார்க்கலாம் என்றாள். செவ்வாய், வியாழன் மத்தியானங்களில் அவள் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். இப்போது ஊசி எடுத்திருப்பார்கள் என்பதுவரை மனசு ஓடிவிடும், அதற்கப்புறம்தான் நிற்கும். பக்கத்தில் நின்ற பெண்கள் அதைக் கவனித்துவிட்டு, அந்த நேரம் வந்தால் எதையாவது பேச ஆரம்பிப்பார்கள். அவள் புரிந்துகொள்வாள்.

குளிர்காலம் முடிவதற்குள் அந்த ஆலையும் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச்சொல்லி, இன்றோடு சரி என்றார்கள். இத்தனை பேருக்கு ஒரே நாளில் வேலை போனால் மாநில அலுவலகத்துக்காரர்களே ஆலைக்கு வந்துவிடுவார்கள். கூடத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். யாரும் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. மாநிலம் தருவதோடு வாஷிங்டன் தரும் கொஞ்சம் கூடுதல் பணமும் வாராவாரம் சேர்ந்து வரும் என்றார்கள். அந்தக் கூடுதல் பணத்துக்காகச் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஆகவே அதை மட்டும் மாநிலம் வாங்கிக்கொண்டது.

வெர்லீன் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவள் வேறொரு பெண், வெர்லீனை அறியாதவள். வேலை எப்படிப் போயிற்று என்றுகூட அவள் கேட்கவில்லை. அதுதான் எல்லோருக்கும் தெரியுமே. பெயர், விலாசம் எல்லாம் தட்டிக்கொண்டாள். களைத்த குரலில், அன்று நூறு பேரிடமாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இவளிடமும் கேட்டாள்.

"வீட்டுல நோயாளி யாராவது, வேற யாராவது, உங்களை முழு நாள் வேலைக்குப் போகவிடாம வச்சிருக்கிறவங்க இருக்காங்களாம்மா?"

வெர்லீனின் கண் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

"இல்லம்மா. இப்ப யாரும் இல்ல."

"ரொம்ப நல்லது. அப்ப உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்ல. அடுத்த வாரமே பணம் வந்துடும், நீங்க வீட்டுல இருக்கலாம்."

அவள் காட்டிய இடத்தில் வெர்லீன் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவளால் முடியவில்லை. அவள் தோள் குலுங்குவதைப் பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். மேஜைக்காரப் பெண் ஒன்றும் புரியாமல் வரிசையைப் பார்த்தாள். மீன் வெட்டிய பெண்கள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. அவர்கள் காத்திருந்தார்கள், யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.